பஞ்சத்தில் பிறந்த ரேந்தை

நம் ஆலயங்களின் பீடத் துணி ஓரங்களிலும், குருக்கள் அணியும் நீண்ட வெண்ணங்கியின் கீழ் விளிம்பிலும் வெண்ணூலால் பின்னப்பட்ட பூவேலைப்பாட்டினை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ‘லேஸ்’ என்று இன்று பொதுவாக அழைக்கப்படும் இதற்குத் தமிழில் ‘ரேந்தை’ என்றொரு பழம்பெயரும் உண்டு. போர்த்துக்கீசியரின் ‘ரெந்தா’ என்னும் சொல்லே கடல் கடந்து வந்து, நம் நாவுக்கேற்பத் திரிந்து, யாழ்ப்பாணத் தமிழில் நிலைத்தது.

ரேந்தை என்றதும் அரண்மனைகளும் மணப்பெண்களும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் உலகப் புகழ்பெற்ற ரேந்தை வகைகளுள் ஒன்று, பட்டினியால் மக்கள் மாண்டுகொண்டிருந்த ஒரு நாட்டில், கூரைக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைச் சிறுமியரின் விரல்களில் உருப்பெற்றது. ‘ஐரிஷ் குரோஷே’ எனப்படும் அப்பின்னலின் வரலாற்றையும், பிச்சைக்கும் கூலிக்கும் இடையே ஒரு சிறு கொக்கி ஊசி வகித்த இடத்தையும் இங்கே காண விழைகிறோம்.

அழுகிப்போன வயல்கள்

1841-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அயர்லாந்தில் வாழ்ந்தோர் 81 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் பிறருக்குச் சொந்தமான நிலத்தில் சிறு துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர்கள். விளைந்த தானியம் குத்தகைக்குச் சென்றது. உழுதவன் வயிற்றுக்கு எஞ்சியது உருளைக்கிழங்கு. ஒரே பயிரை நம்பி ஓர் இனமே உயிர் வாழ்ந்தது.

1845-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் அப்பயிரைத் தாக்கியது. மண்ணுக்கடியில் கிழங்குகள் கருத்து அழுகின. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ விளைச்சல் முழுவதுமே பாழாயிற்று. 1847-ஆம் ஆண்டை அந்நாட்டார் இன்றும் ‘கறுப்பு நாற்பத்தேழு’ என்றே குறிப்பிடுகின்றனர். 1852 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். 1851-இல் மீண்டும் எண்ணியபோது எஞ்சியிருந்தோர் சுமார் 65 லட்சம் பேரே.

இவ்வளவுக்கும் இடையே அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட்டவண்ணம் இருந்தன. இலண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணத்தை நிர்வகித்தவர் சார்ல்ஸ் டிரெவெலியன். பின்னாளில், 1859-இல், சென்னை மாகாணத்தின் ஆளுநராக நம் மண்ணுக்கே வந்தவர். தாராளமாகக் கொடுத்தால் மக்கள் உழைக்க மறந்துவிடுவர் என்பது அவர் போன்றோரின் நம்பிக்கை. 1847-ஆம் ஆண்டுச் சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு அரசு நிவாரணம் இல்லை என்று விதித்தது. கஞ்சி வேண்டுமாயின் நிலத்தைக் கைவிட வேண்டும். நிலத்தைக் கைவிட்டால் நாளை வாழ வழியில்லை. இந்த இரு கதவுகளுக்கும் இடையே நசுங்கிய மக்களுக்குத் தானத்தைவிடத் தேவைப்பட்டது, கையில் காசு தரும் ஒரு வேலை. அதிலும் நிலம் வேண்டாத, மூலதனம் வேண்டாத, பசியால் நலிந்த உடலாலும் செய்யக்கூடிய வேலை.

கன்னியர் மடத்தில் ஒரு கொக்கி

அத்தகைய வேலையைத் தேடியவர்களுள் கன்னியர் மடங்கள் முன்னின்றன. தென் அயர்லாந்தின் கார்க் நகரை அடுத்த பிளாக்ராக் என்னுமிடத்தில் இருந்த உர்சுலைன் சபைக் கன்னியர், தம் பள்ளிக்கு வந்த ஏழைச் சிறுமியர்க்குக் குரோஷே பின்னலைக் கற்பித்தனர். ‘குரோஷே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். நுனி வளைந்த ஓர் ஊசியும் பருத்தி நூற்கண்டும் இருந்தால் போதும். கொக்கி வாங்க வழியற்றோர் தையல் ஊசியின் காதை உடைத்துத் தேய்த்துக் கொக்கியாக்கி, அதனை ஒரு மரக்குச்சியில் செருகிக்கொண்டனர்.

அதே கார்க் மாவட்டத்தின் யால் என்னும் துறைமுக ஊரில் பிரசன்டேஷன் சபைக் கன்னியரின் மடம் இருந்தது. 1842-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து பெண் கல்விக்கு வித்திட்ட அதே சபைதான் இது. அங்கிருந்த அன்னை மேரி ஆன் ஸ்மித், பழைய இத்தாலிய ரேந்தைத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் எவருமில்லை. எனவே அத்துண்டை ஒவ்வோர் இழையாகப் பிரித்து, அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதைத் தாமே கற்றார்; பின்னர் திறமையுள்ள சிறுமியர்க்குக் கற்பித்தார். அது கொக்கியின்றி வெறும் ஊசியால் செய்யப்படும் ரேந்தை. 1852-இல் அங்கே அதற்கெனப் பள்ளியும் அமைந்தது. அவிழ்த்துப் பார்ப்பதன் வழியே கட்டக் கற்றுக்கொள்வது எல்லாக் கைவினைகளுக்கும் பொதுவான பாடம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இப்பணி கத்தோலிக்க மடங்களோடு நின்றுவிடவில்லை. வடக்கே மோனகன் மாவட்டத்துக் குளோனிஸ் ஊரில், ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த குருவின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் என்பார், 1847-இல் ஓர் ஆசிரியையை வரவழைத்துத் தம் ஊர்ப் பெண்களுக்குக் குரோஷே பயிற்றுவித்தார். சமயப் பிளவு ஆழமாக வேரோடியிருந்த அந்நாட்டில், இரு சபையாரும் ஒரே கொக்கியைக் கையிலெடுத்தது பசி நடத்திய ஒன்றிப்பு எனலாம்.

பிரெஞ்சுத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த எலியோனோர் ரியேகோ தெ லா பிராஞ்சார்டியேர் என்னும் பெண்மணி, 1846 முதல் பின்னல் மாதிரி நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். 17-ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரத்தின் விலைமதிப்பற்ற ஊசி ரேந்தையின் புடைத்த பூக்களைக் கொக்கி ஊசியாலேயே உருவாக்கலாம் என்று காட்டியவர்களுள் அவர் தலையாயவர். ஊசி ரேந்தை செய்யப் பல மாதங்கள் ஆகும். குரோஷேயோ அதனினும் பல மடங்கு விரைவானது. பசித்தவர்க்குக் கூலி விரைந்து வருதல் வேண்டுமன்றோ?

கண்ணியின் இலக்கணம்

இப்பின்னலின் உள்ளமைப்பைச் சற்று அறிந்துகொண்டால்தான் ஏன் இது ஏழையின் வீட்டுக்குப் பொருந்தியது என்பது விளங்கும்.

இரண்டு நீண்ட ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊசியின்மீது திறந்து நிற்கின்றன. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ள கண்ணிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் அவிழ்ந்து ஏணிப்படிபோல் கீழிறங்கும். குரோஷேயில் அவ்வாறில்லை. கொக்கியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஒன்றை முற்றாக முடித்த பின்னரே அடுத்தது தொடங்கும். எனவே வேலையை எந்த நொடியிலும் கீழே வைக்கலாம். அடுப்பைக் கவனிக்கலாம், அழும் குழந்தையை எடுக்கலாம், ஆடு மேய்க்கும் வழியிலும் பின்னலாம். திரும்பி வந்தால் வேலை விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

ஐரிஷ் குரோஷேக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அது துணிபோல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிவதன்று. ரோசா, இலை, திராட்சைக் குலை, மூவிதழ்த் தழையான ஷாம்ராக் என உருவங்கள் தனித்தனியே பின்னப்படுகின்றன. தடித்த நூல் ஒன்றைக் கருவாக வைத்து அதன்மேல் நெருக்கமாகக் கண்ணியிடுவதால் இதழ்கள் புடைத்து நிற்கும். பின்னர் மாதிரி வரைந்த துணியின்மேல் உருவங்களை முகம் கீழாக வைத்துத் தற்காலிகத் தையலிட்டு, இடைவெளிகளைச் சங்கிலிக் கண்ணி வலையால் நிரப்புவர். வலையின் சந்திகளில் சிறு மொட்டுகள் வைப்பதும் உண்டு. கொக்கியின்மீது நூலைப் பலமுறை சுற்றி இழுத்து இறுக்கும் குளோனிஸ் முடிச்சு அவற்றுள் பெயர்பெற்றது. நிறைவில் தற்காலிகத் தையலை வெட்டினால் ரேந்தை துணியைவிட்டுத் தனியே எழும். சலவை செய்து வெளுத்தபின் அது விற்பனைக்குச் செல்லும்.

இம்முறையால் ஒரு கழுத்துப்பட்டியைப் பல வீடுகள் பகிர்ந்து செய்ய முடிந்தது. ஒரு வீட்டில் ரோசா, மறு வீட்டில் இலை, கைதேர்ந்தவள் வீட்டில் இணைப்பு. பத்து வயதுச் சிறுமியும் ஓர் இலையைக் கற்றுக்கொண்டு அதனையே நூறு முறை பின்னிக் காசு பெற்றாள்.

தனித்தனியாகச் செய்து இணைக்கப்பட்டதைத் தனித்தனியாகப் பழுது பார்க்கவும் இயலும். நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் பழைய குரோஷே ரேந்தைகள் கிழிந்ததும் வீசப்படுவதைக் காண்கிறோமாதலின், அதனைச் செப்பனிடும் முறையைச் சில சொற்களில் கூறுதல் பயன் தரும்.

கிழிசலைக் கண்டவுடனே, சலவைக்கு முன்பாகவே சரிசெய்தல் வேண்டும். ஈரத்திலும் கசக்கலிலும் சிறு துளை பெரிதாகும். அறுந்த வலையை, நல்ல நிலையிலுள்ள கண்ணி வரை பிரித்து நிறுத்தி, அதற்கும் சில கண்ணிகளுக்கு முன்பிருந்தே ஒத்த பருமனுள்ள புதுநூலைத் தொடங்குதல் நன்று. நூல் முனைகளை முடிச்சிட்டு வெட்டுவதைவிட, ஊசியில் கோத்துக் கண்ணிகளூடே திரும்பவும் ஓட்டி மறைத்தால் அவை பிடித்து நிற்கும். ஒரு பூவே சிதைந்திருப்பின் அதனை மட்டும் வெட்டியெடுத்து, புதுப்பூ ஒன்றைப் பின்னி, சுற்றியுள்ள வலையின் கண்ணிகளோடு பிணைத்துவிடலாம். துவைத்தபின் முறுக்கிப் பிழியாமல், கெட்டித் துணியில் ஒற்றி, உருவம் குலையாதவாறு துருப்பிடிக்காத குண்டூசிகளால் விரித்துக் குத்தி உலர்த்துதல் வேண்டும். தேய்ப்பதாயின் தடித்த துவாலைமேல் முகம் கீழாக இட்டுப் பின்புறத்தில் தேய்த்தால் புடைத்த இதழ்கள் தட்டையாகா. ஸ்வெட்டரில் கண்ணி நழுவி ஏணி விழுந்தாலும் இதே கொக்கி உதவும். நழுவிய கண்ணியை முன்புறத்திலிருந்து பற்றி, அதற்கு மேலுள்ள குறுக்கிழையை அதன் வழியே இழுத்து, படிப்படியாய் மேலேற்றி மீண்டும் பின்னல் ஊசியில் சேர்க்கலாம்.

உலை கொதித்தது, ஆனால்…

கார்க் நகரில் பஞ்ச காலத்தில் பின்னல் பள்ளி நடத்திய சூசன்னா மெரெடித் என்னும் அம்மையார், தம் அனுபவங்களை 1865-இல் ரேந்தைப் பெண்களைப் பற்றிய நூலாக வெளியிட்டார். ஆடவர்க்கு வேலையற்றுப்போன வீடுகளில் பெண்பிள்ளைகளின் ஊசியே உலை வைத்த நிலையை அத்தகையோரின் எழுத்துகள் வழி நாம் அறிகிறோம். குத்தகை பாக்கி அடைபட்டது. அமெரிக்கா செல்லும் கப்பலுக்குக் கட்டணம் சேர்ந்தது. முன்னே சென்ற மகள் அங்கும் பின்னி, தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டாள்.

இவ்வளவும் உண்மை. இதனோடு மற்றோர் உண்மையையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். பின்னியவளுக்கு ஓர் இலைக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலிதான். அவள் கண்ணைச் சுருக்கிப் பின்னிய மணிநேரங்களை எவரும் எண்ணவில்லை. அவள் கையைவிட்டு அகன்ற பின்னல் வணிகர் பலரின் கை மாறி, இலண்டன், பாரிஸ் கடைகளில் அவள் கனவிலும் காணாத விலை பெற்றது. நாகரிகம் மாறியபோது வணிகர் வேறு சரக்கை நாடினர். 1860-களுக்குப் பின் தேவை சுருங்கியது. குறைந்த கூலிக்கு விரைந்து பின்னியதால் வேலையின் தரமும் தாழ்ந்தது.

மறுமலர்ச்சி 1880-களில் தோன்றியது. 1883-இல் கார்க் நகரில் நடந்த பொருட்காட்சியை ஒட்டி, அந்நகர ஓவியப் பள்ளித் தலைவர் ஜேம்ஸ் பிரென்னனும், இலண்டன் சவுத் கென்சிங்டனைச் சேர்ந்த ஆலன் கோலும் மடங்களில் உருவரை வகுப்புகள் நடக்க வழிசெய்தனர். 1891-இல் அரசு நிறுவிய வறிய வட்டார வாரியம், மேற்கு அயர்லாந்தில் பின்னல் வகுப்புகளுக்கு ஆதரவளித்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசிலும் நியூயார்க்கிலும் ஐரிஷ் குரோஷே ஆடைக்குப் பெரும் மோகம் எழுந்தது. ஆயினும் சுவிட்சர்லாந்தின் தையல் எந்திரங்கள் அதே தோற்றத்தை மலிவாக நகலெடுத்தன. 1914-இல் மூண்ட முதல் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த எளிய ஆடை நாகரிகமும் அத்தொழிலை வீழ்த்தின. எந்திரம் நகலெடுத்தது தோற்றத்தை மட்டுமே. குரோஷேயின் உண்மைக் கண்ணியை இன்றளவும் மனிதக் கையே இடுகிறது.

அதே 1891-ஆம் ஆண்டில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை குறித்த ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டனர் என்பதனாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, அது உழைப்பவரின் எளிய வாழ்வைத் தாங்கப் போதியதாக இருத்தல் வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. ஆலைகளையும் சுரங்கங்களையும் மனத்தில் கொண்டு வாசிக்கப்பட்ட அவ்வரிகள், குடிசையில் அமர்ந்து இலை பின்னிய சிறுமிக்கும் உரியவையே.

நம் கரையில்

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. அயர்லாந்துப் பஞ்சத்துக்கும் முன்னரே, 1820-களில், நாகர்கோவிலில் இலண்டன் மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், திண்டின்மேல் குண்டூசி குத்திக் கட்டைகளால் நூலை மாற்றி மாற்றிப் பின்னும் ரேந்தையைச் சிறுமியர்க்குக் கற்பித்தார். குரோஷேயின் வழிமுறை வேறாயினும் நோக்கம் ஒன்றே. அன்றைய திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினர். அடிமை முறை அங்கே ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு முன்னரே, அடிமை நிலையிலிருந்த சில பெண்பிள்ளைகள் ரேந்தைக் கூலியைச் சிறுகச் சேர்த்துத் தம் விடுதலைக்கான விலையைத் தாமே செலுத்தினர் என அக்கால மறைப்பணியாளர் எழுதி வைத்துள்ளனர். ஒரு நூற்கண்டு இதனினும் பெரிய காரியத்தைச் செய்திருக்க முடியுமா?

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் தமிழர் நெஞ்சில் நிலைபெற்ற அப்பெருமகனார் 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். இடையன்குடியில் கணவர் இலக்கணம் ஆராய்ந்த காலத்தில், மனைவி பெண்பிள்ளைகளுக்குக் கல்வியோடு ரேந்தையும் பயிற்றுவித்தார். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்து அநாதைச் சிறுமியரைப் பேணிய அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டரும் அவர்தம் சகோதரியரும் தையல், பூவேலை, ரேந்தை ஆகியவற்றைப் பிழைப்புக்கு வழியாக்கினர்.

கொக்கி ஊசியையே முழுவதும் நம்பி வாழும் ஊர்களைக் காண வேண்டுமாயின் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்து நர்சாப்பூருக்குச் செல்லுதல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் மறைப்பணியாளர் கற்பித்த குரோஷே, அங்கே தலைமுறைகளாக ஏற்றுமதித் தொழிலாய் வளர்ந்துள்ளது. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அவ்வூர்ப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் நூலொன்று வெளியிட்டார். நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணிநேரம் பின்னிய அப்பெண்களை வணிகரும் குடும்பத்தாரும் தொழிலாளர் என எண்ணவில்லை. ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிக்கும் இல்லத்தரசியர் என்றே எண்ணினர். ஓய்வு என்று பெயரிட்டுவிட்டால் கூலியைக் குறைப்பது எளிதாகிவிடுகிறது என்பதே அவ்வாய்வின் சாரம். 2024-இல் நர்சாப்பூர் ரேந்தைக்குப் புவிசார் குறியீடு கிட்டியது மகிழ்ச்சிக்குரியது. அப்பெருமை பின்னும் கைகளின் கூலியையும் உயர்த்தினால்தான் அது நிறைவுறும்.

எண்ண வேண்டிய கணக்கு

கார்க், நாகர்கோவில், நர்சாப்பூர் ஆகிய மூன்று இடங்களும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. கற்றுக்கொடுத்தல் அறத்தின் முற்பாதி. உரிய விலை கொடுத்தல் அதன் பிற்பாதி. முற்பாதியைச் செய்தோரை வரலாறு போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். பிற்பாதியோ வாங்குவோர் பக்கம் நிற்கும் நம்மைச் சார்ந்தது.

நம் பங்குகளிலும் இல்லங்களிலும் தையல் வகுப்புகள் நடைபெறுகின்றன. கைம்பெண்களும் படிப்பை இடையில் நிறுத்திய பெண்பிள்ளைகளும் அங்கே குரோஷே பின்னுகின்றனர். திருவிழாக் கடைகளில் அவற்றை வாங்கும் நாம், “வெறும் நூல்தானே, இவ்வளவு விலையா?” என்று பேரம் பேசுகிறோம். நூலின் விலை மிகச் சிறிது என்பது மெய்யே. எஞ்சியது முழுவதும் ஒருத்தியின் கண்ணொளியும் நேரமும். ஒரு விரிப்பின் ஓரத்தில் ஒரு சாண் அளவில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு கண்ணிக்கும் கொக்கி ஒருமுறையேனும் நுழைந்து, நூலைப் பற்றி, வெளியே வந்திருக்கிறது. அந்த எண்ணிக்கையை மனத்தில் கொண்டு விலையைக் கேட்டால் நம் குரல் தானாகவே தணியும்.